பச்சிளங் குழந்தைகளும் மலேரியாக் காய்ச்சலும்



வெள்ளி விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசுவதா எனச் சிலர் எண்ணக்கூடும். கற்ற கல்வி ஓர் உயிரையேனும் காக்க வேண்டும் என்பது நம் கொள்கை. ஆதலின், பிறந்த குழந்தைகளைத் தாக்கும் மலேரியாவைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம்.

மலேரியாவின் ஒட்டுண்ணியை 1880ஆம் ஆண்டு அல்ஜீரியாவில் லாவரான் கண்டார். கொசுவின் உடலில் அது வளர்வதனை 1897ஆம் ஆண்டு செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். அனோபிலிஸ் கொசு கடித்தால் இந்நோய் வரும் என்பதனைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் கொசு கடியாமலே ஒரு குழந்தைக்கு மலேரியா வரக்கூடும் என்பதனைப் பலர் அறியார்.

கருவுற்ற தாய்க்கு மலேரியா கண்டால், ஒட்டுண்ணிகள் நச்சுக்கொடியில் தங்குவதுண்டு. அதனால் கருவுக்குச் சேர வேண்டிய ஊட்டம் குறைகிறது. குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. சில வேளைகளில் ஒட்டுண்ணி குழந்தையின் குருதியிலும் புகுந்துவிடுகிறது. கொசு கடித்தபின் ஒட்டுண்ணி ஈரலில் வளர்ந்து குருதிக்கு வர ஒரு வாரமேனும் ஆகும். ஆகவே, பிறந்த 7 நாள்களுக்குள் அது குருதியில் காணப்பட்டால் தாயிடமிருந்து வந்ததாகவே கொள்வர். நோய்க்குறிகள் சில வாரங்கள் கழித்துத் தோன்றுவதும் உண்டு.

குழந்தை பால் குடிக்க மறுக்கும், காய்ச்சல் காணும், உடல் வெளிறும், மஞ்சள் படரும், மண்ணீரல் வீங்கும். வேறு கிருமித் தொற்றிலும் இவையே தோன்றுவதால் மருத்துவரும் மயங்குவர். ஒரு துளி குருதியைச் சோதித்தால் உண்மை விளங்கிவிடும். வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டிக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

தாயின் எதிர்ப்பாற்றல் முதல் மாதங்களில் குழந்தையைக் காக்கிறது என்பது உண்மையே. அதனால் இந்நோய் அரிது என்றனர். 'அரிது' என்பது நாளடைவில் 'இல்லை' என்றாயிற்று. இல்லை என்றதால் சோதிக்கவில்லை, சோதிக்காததால் எண்ணவில்லை, எண்ணாததால் அவர்களுக்கென மருந்தும் செய்யவில்லை. பெரிய குழந்தைகளுக்குரிய மாத்திரையையே கொடுத்து வந்தனர். ஈரல் முதிராத குழந்தைக்கு மருந்து அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சாகும் அல்லவா?

2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 5,97,000 பேர் மலேரியாவால் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. அவருள் நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்காவைச் சார்ந்தவர். அங்கு மாண்டவருள் நான்கில் மூன்று பங்கினர் 5 வயது நிரம்பாத குழந்தைகள். இத்தனைக்குப் பின்னரே, 2025 ஜூலையில், 2 முதல் 5 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்கென ஆர்ட்டிமீத்தரும் லூமிஃபாண்ட்ரினும் கலந்த மருந்துக்குச் சுவிட்சர்லாந்து ஒப்புதல் அளித்தது. இரு மருந்துகளின் விகிதமும் அவர்களுக்கேற்ப மாற்றப்பட்டுள்ளது. தாய்ப்பாலிலும் அதனைக் கரைத்துப் புகட்டலாம்.

கணக்கில் வராதவர்க்கு மருந்தும் வராது. இந்தப் பாடம் நமக்குப் புதிதன்று. சேரியின் வரலாறே அதுதான். 1928ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், உழைக்கும் தாயின் ஓய்வை நாட்டின் கணக்கில் சேர்க்க முனைந்தார். தாயைக் காத்தாலன்றிக் குழந்தையைக் காத்தல் இயலாது என்பதனை மலேரியாவும் நமக்கு உணர்த்துகிறது.

ஆகவே தாய்மார்களே! கருவுற்றவர் கொசுவலைக்குள் உறங்குக. காய்ச்சல் கண்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் குருதியைச் சோதித்துக்கொள்க. ஒடிசா, சத்தீஸ்கர் போன்ற மலேரியா மிகுந்த பகுதிகளுக்குப் பிழைப்புக்காகச் சென்று திரும்பியிருந்தால், மருத்துவர் கேளாவிடினும் அதனைச் சொல்லுக. வீட்டில் மிஞ்சிய மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடாதீர்கள். பிரைமாகுயின் என்னும் மருந்து கருவுற்றவர்க்கும் கைக்குழந்தைக்கும் ஆகாது.

மாணவ மணிகளே! எழுத்தறியாத் தாய் ஒருத்தி காய்ச்சல் கண்ட குழந்தையோடு நிற்கும்போது, அவளுடன் சென்று, "இக்குழந்தையின் குருதியைச் சோதியுங்கள்" என்று தயங்காமல் கேளுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் உங்கள் கையில் கொடுத்த எழுத்து, அந்தக் குழந்தையையும் கணக்கில் சேர்க்கட்டும்.