பெயர் எழுதாத கல் பேசாது
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"நீங்க கல்லைப் பத்திப் படிச்சவரு, அதையே பேசுங்க" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். ஆகவே இன்று உங்களை ஒரு குளிர்தேசத்துக்கு அழைத்துப் போகிறேன். கம்பளி வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரலாம்.

உலக உருண்டையின் உச்சிப் பக்கம் வடதுருவ வட்டம் இருக்கிறது. அதற்குள் கிழக்குக் கிரீன்லாந்தின் கரையில் மலை மலையாக எரிமலைப் பாறை. ஏறக்குறைய 5 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கிரீன்லாந்தும் ஐரோப்பாவும் பிரியத் தொடங்கின. அப்போது நிலம் பிளந்து தீக்குழம்பு வழிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பல கிலோமீட்டர் கனத்துக்கு அது உறைந்தது. அந்தப் பாறையின் பெயர் பசால்ட். அதே காலத்தில் பூமியின் வெப்பம் 5 பாகை அளவுக்கு ஏறியது. எரிமலைகளோடு தொடர்புடைய வாயுக்களே அதற்குக் காரணம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பூமி சூடேறி வருகிறதே என்று இன்று கவலைப்படுகிற நமக்கு அந்தக் கல்லில் பாடம் இருக்கிறது. அதைப் படிக்கத்தான் போகிறார்கள்.

எப்படிப் போவது? அங்கேதான் வேலையே. கோடையில் சில வாரங்கள்தான் பாறை கண்ணில் படும். மற்ற மாதங்களில் பனி மூடிக்கொள்ளும். அந்தச் சில வாரத்துக்காக முந்திய குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள். கல் எடுத்துப் போக அரசு அனுமதி வாங்க வேண்டும். வானப் படங்களைப் பார்த்து எந்தச் சரிவில் ஏறுவது, எங்கே கூடாரம் அடிப்பது என்று குறிக்க வேண்டும். வெண்கரடி வரும் இடம். காவலுக்குத் துப்பாக்கி வேண்டும், அதைப் பயன்படுத்தப் பயிற்சியும் வேண்டும். நடுக்கோடையில் நள்ளிரவிலும் சூரியன் மறையாது. வெளிச்சம் இருக்கிறதே என்று வேலை செய்துகொண்டே இருந்தால் உடம்பு விழுந்துவிடும். ஆகவே தூக்கத்துக்கும் அட்டவணை உண்டு. பசால்ட்டில் காந்தக் கனிமம் இருப்பதால் திசைகாட்டியின் முள் தப்புத் திசை காட்டக்கூடும். அதனால் சூரியனை வைத்துத் திசை பார்க்கவும் கற்றுக்கொண்டு போக வேண்டும்.

பிறகு எடைக் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு பசால்ட் துண்டு ஏறக்குறைய 3 கிலோ இருக்கும். நூறு துண்டு எடுத்தால் 300 கிலோ. சிறிய விமானம் எவ்வளவுதான் தூக்கும்? எத்தனை கல், எந்தெந்த அடுக்கிலிருந்து என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

பெரியோர்களே, இது உங்களுக்குப் புதிய சங்கதியா? என் அம்மா பால்மரம் வெட்டியவர். இரவே கத்தியைத் தீட்டி, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் படுப்பார். "விடிஞ்சு தேடுனா மரம் காத்திருக்காதுடா" என்பார். மழை வந்தால் அன்றைய வெட்டு போச்சு. கிரீன்லாந்தில் மூடுபனி வந்தால் அன்றைய விமானம் போச்சு. இரண்டும் ஒரே கணக்குத்தான்.

இப்போது என் வெட்கக் கதை ஒன்று. கல்லூரியில் படித்தபோது குவாந்தான் பக்கம் களப்பயணம் போனோம். அங்கே பத்து ஹித்தாம் கடற்கரையில் இருக்கிறதே கரும்பாறை, அதுவும் பசால்ட்தான். சாக்கு நிறைய கல் பொறுக்கி, தோள் வலிக்கச் சுமந்து வந்தேன். விரிவுரையாளர் ஒன்றைக் கையில் எடுத்து, "இது எந்த இடத்துக் கல்?" என்று கேட்டார். விழித்தேன். ஒன்றிலும் எண் எழுதவில்லை. "அப்படியானால் இவை ரோடு போடத்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமே மறுபடி பேருந்து ஏறினேன். குவாந்தானுக்குத் திரும்பப் போகலாம். கிரீன்லாந்துக்கு யார் திரும்பப் போவது? அதனால்தான் அங்கே ஒவ்வொரு கல்லின் எண்ணையும் கல்லில், பையில், நோட்டுப் புத்தகத்தில் என மூன்று இடத்தில் எழுதுகிறார்கள்.

திரும்பப் போனவர் ஒருவரும் உண்டு. லாரன்ஸ் வேகர் என்ற ஆங்கிலேயர். 1930-ஆம் ஆண்டு ஒரு பயணக் குழுவோடு கிழக்குக் கிரீன்லாந்துக் கரைக்குப் போனவர், ஸ்கேர்கார்ட் என்னுமிடத்தில் வரிவரியாக அடுக்கிய பாறையைக் கண்டார். பூமிக்கடியிலேயே தங்கி மெல்ல ஆறிய தீக்குழம்பு அது. மனத்தில் குறித்துக்கொண்டார். 1935-இல் மனைவி, சகோதரர், டியர் என்ற இளம் ஆய்வாளர் முதலியோரோடு திரும்பப் போனார். அந்த ஆண்டு ஆகஸ்டில், வடதுருவ வட்டத்துக்குள் மிக உயர்ந்த சிகரமான, 3,694 மீட்டர் உயரமுள்ள குன்பியோர்ன் மலையின் உச்சியை முதன்முதலில் தொட்டவர்களில் அவரும் ஒருவர். பிறகு குளிர்காலத்தையும் அங்கேயே கழித்து, அந்தப் பாறையை அடுக்கடுக்காக ஆராய்ந்தார். 1939-இல் வேகரும் டியரும் வெளியிட்ட நூல், தீக்குழம்பு ஆறும்போது அதன் சேர்க்கை எப்படி மாறுகிறது என்பதை உலகுக்குக் காட்டியது. ஒருநாள் பார்வைக்குப் பின்னால் ஒன்பது ஆண்டு உழைப்பு!

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும் ஒன்று செய்யுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததை, இடமும் தேதியும் போட்டு அன்றே எழுதுங்கள்.

பெற்றோர்களே, "நம்ம புள்ளைக்குக் கல்லு படிப்பு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். என் அம்மாவிடமும் அப்படித்தான் கேட்டார்கள். "அவன் படிக்கட்டும், கத்தி எங்கையிலேயே இருக்கட்டும்" என்றார். அந்த ஒரு சொல்தான் இன்று என்னை இந்த மேடையில் நிறுத்தியிருக்கிறது. கல் கேட்டாலும் கடல் கேட்டாலும், பிள்ளை கேட்கும் படிப்பை மறுக்காதீர்கள்.