கடல் கடந்த ஒரு பருவம்

(வெள்ளி விழா மாணவர் அரங்கில் ஆற்றிய உரை)

 

எங்கள் இருவரையும் ஒருசேர மேடையேற்றி, வெளிநாட்டுப் படிப்பைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். ஒருவர் வாசிப்பினும் இருவரும் சேர்ந்து எழுதிய உரை இது. ஆதலின் ‘நாங்கள்’ என்றே சொல்லிச் செல்வோம். அழைப்பிதழில் எங்களை ‘வெளிநாட்டுப் பட்டதாரிகள்’ என்று அச்சிட்டிருக்கின்றார்கள். அதில் ஒரு திருத்தம் வேண்டும். எங்கள் பட்டம் உள்நாட்டுப் பட்டமே. முதுகலை பயின்றுகொண்டிருந்தபோது இடையில் ஒரே ஒரு பருவம், 2023 அக்டோபர் முதல் 2024 பிப்ரவரி வரை, ஜெர்மனி நாட்டின் கோட்டிங்கென் பல்கலைக்கழகத்தில் பரிமாற்ற மாணவர்களாகப் பயின்று திரும்பினோம். அவ்வளவே.

பரிமாற்றம் என்பது என்ன என்று இளைய தோழர்கள் கேட்கலாம். இரண்டு பல்கலைக்கழகங்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. அங்குள்ள மாணவர் சிலர் இங்கு வந்து ஒரு பருவம் படிப்பர். இங்குள்ளோர் சிலர் அங்குச் செல்வர். படிப்புக் கட்டணத்தைத் தத்தம் சொந்தப் பல்கலைக்கழகத்தில் கட்டினால் போதும். அங்கே தேறிய பாடங்கள் இங்கே கணக்கில் சேரும். ஐரோப்பிய நாடுகள் 1987-ஆம் ஆண்டு தமக்குள் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இவ்வகையில் பெயர் பெற்றது. பின்னர் அது பிற கண்டத்து மாணவர்க்கும் கதவு திறந்தது. எங்களில் ஒருவர் அத்திட்டத்தின் உதவித்தொகையோடு சென்றார். மற்றவர்க்குக் கட்டண விலக்கு மட்டுமே கிடைத்தது. இந்த வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டுகின்றோம்.

அறிவிப்பு ஒட்டப்பட்ட நாளுக்கும் விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கும் இடையே பதினொரு நாள்களே இருந்தன. பாஸ்போர்ட் வைத்திருப்போர் கை தூக்குக என்றார்கள். வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. எங்கள் கைகள் உயரவில்லை. மதிப்பெண்ணில் நாங்கள் பின்தங்கியவர்கள் அல்லோம். ஆனால் கை தூக்கிய நண்பர் ஒருவர், பள்ளியில் படிக்கும்போதே சிங்கப்பூரிலுள்ள சிற்றப்பா வீட்டுக்குக் கோடை விடுமுறைக்குப் போய் வந்தவர். எங்கள் சிற்றப்பன்மார் செங்கற்சூளைக்குப் போனார்கள். அதற்குப் பாஸ்போர்ட் கேட்பாரில்லை. அன்றிரவே நம் செயலாளர் ஐயா வீட்டுக் கதவைத் தட்டினோம். தட்கல் முறையில் விண்ணப்பிக்கத் தலைக்கு 3,500 ரூபாய் தந்தார். ரசீது கூடக் கேட்கவில்லை.

அது தொடக்கந்தான். விசாக் கட்டணம் 75 யூரோ. விமானச் சீட்டு, மருத்துவக் காப்பீடு, தங்கும் அறைக்கு முன்பணம். இவை போக, உதவித்தொகை இல்லாதவர், அந்நாட்டில் தம் செலவுக்கு மாதம் 934 யூரோ வீதம் முடக்கப்பட்ட கணக்கு ஒன்றில் முன்கூட்டியே செலுத்திக் காட்ட வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டின் விதி. (அடுத்த ஆண்டே அது 992 யூரோ ஆயிற்று.) ஐந்து மாதத்துக்கு 4,670 யூரோ, அந்நாள் மதிப்பில் நான்கு இலட்சம் ரூபாய்க்கு மேல். உதவித்தொகை பெற்றவர் நிலையும் எளிதாக இல்லை. அத்தொகை அங்குப் போய் வங்கிக் கணக்குத் திறந்த பின்னரே கைக்கு வந்தது. சீட்டு வாங்க வேண்டியதோ இங்கே.

அரசு உதவவில்லையா என்று கேட்பீர்கள். தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடைபெறுகின்றது. இன்று அதில் ஆண்டுக்கு 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினர்க்கு உரியவை. நல்ல திட்டம்; தகுதியுடையோர் தவறாது விண்ணப்பிக்க வேண்டும். ஆயினும் அது வெளிநாட்டிலேயே முதுகலைப் பட்டமோ ஆய்வுப் பட்டமோ முழுமையாகப் பெறச் செல்வோர்க்கு உரியது. ஒரு பருவம் மட்டும் போய்வருவோர்க்கு அதில் இடமில்லை. வசதியுள்ள வீடுகள் இந்த இடைவெளியைச் சட்டைப் பையிலிருந்து நிரப்பிவிடுகின்றன.

அதனால் எங்கள் விண்ணப்பம் நம் சங்கத்தின் நிர்வாகக் குழு முன் வந்தது. அன்று இரவு பதினொரு மணி வரை குழு அமர்ந்திருந்தது. பெரியவர் ஒருவர் கடுமையாக மறுத்தார். “இரவுப் பாடசாலையில் அறுபது பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கும் பணம் இது. இரண்டு பேர் ஐந்து மாதம் ஊர் சுற்றிவர எடுத்துக் கொடுப்பதா?” என்று கேட்டார். அவர் இப்போது முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கின்றார். அவரிடம் இசைவு பெற்றே இதைச் சொல்கின்றோம். அந்தக் கேள்வி தவறானது என்று நாங்கள் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. முடிவில், ஒருவர்க்கு 80,000 ரூபாயும் மற்றவர்க்கு இரண்டு இலட்சமும் வட்டியில்லாக் கடனாகத் தரத் தீர்மானமாயிற்று. எஞ்சியதை, நகராட்சியில் துப்புரவுப் பணியாளராக இருக்கும் எங்களில் ஒருவரின் தந்தையார் தம் சேமநல நிதியிலிருந்து எடுத்துத் தந்தார்.

பின்னர் ஒரு செய்தி படித்தோம். டாக்டர் அம்பேத்கர் அவர்கள் பரோடா அரசின் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. 1920-இல் மீண்டும் கப்பலேறியபோது, சிடன்ஹாம் கல்லூரிச் சம்பளத்தில் சேர்த்ததோடு, கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியும், கொலம்பியாவில் உடன் பழகிய நண்பர் நவல் பதேனா கொடுத்த 5,000 ரூபாய்க் கடனும் துணைநின்றன. அவ்வளவு பெரிய அறிவுக்கும் ஒருவர் கடன் கொடுக்க வேண்டியிருந்திருக்கின்றது.

இனிப் படிப்பைப் பற்றி. அங்குக் கருத்தரங்கு வகுப்பு என்றொரு முறை உண்டு. பேராசிரியர் பாடம் நடத்துவதில்லை. முன்வாரமே ஒரு நூற்பகுதியைக் கொடுத்துவிடுவார், வகுப்பில் வட்டமாக அமர்ந்து, “இதில் உங்கள் கருத்து என்ன?” என்பார். இருபது ஆண்டுகளாக எங்களை எவரும் கேட்டறியாத கேள்வி அது. ‘ஆசிரியர் என்ன சொன்னார்’ என்று கேட்டால் வரி பிசகாமல் ஒப்பிப்போம். எங்கள் கருத்து? மூன்று வாரம் வாய் திறக்கவில்லை.

நான்காம் வாரம் சாதி பற்றிய கட்டுரை வந்தது. ஜெர்மானிய மாணவர் ஒருவர், தென்னிந்தியாவில் சாதி தேய்ந்துவருகின்றது என்ற பொருளில் அறிக்கை வாசித்தார். அனைவரும் எங்கள் பக்கம் திரும்பினர். எங்களில் ஒருவர் எழுந்தார். வகுப்பில் எவரும் எழுந்து பேசுவதில்லை என்பதும் மறந்துபோயிற்று. தம் பாட்டனார் தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடித்ததையும், தம் ஊரில் இன்றும் சுடுகாட்டுப் பாதை தனியாக இருப்பதையும் சொன்னார். வகுப்பு அமைதியாயிற்று. பிறகு அந்த மாணவர், “எத்தனை ஊர்களில்? எந்த ஆண்டுக் கணக்கு? யார் எடுத்த ஆய்வு?” என்று கேட்டார்.

எங்களுக்கு வந்த சினத்தைச் சொல்லி முடியாது. பட்டவர் சொல்லும்போது சான்று கேட்பதா? அன்றிரவு உணவு செல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம், வேறு பொருள் பற்றி அந்த மாணவர் பேசியபோது, அவரிடமும் பேராசிரியர் இதே மூன்று கேள்விகளைக் கேட்டார். அப்போதுதான் நூலகத்துக்குப் போனோம். அம்பேத்கர் அவர்கள் 1916 மே 9-ஆம் நாள், தம் இருபத்தைந்தாம் வயதில், கொலம்பியாவில் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையை, முன்பும் படித்திருந்தோம். இம்முறை வேறு கண்ணோடு படித்தோம். பள்ளியில் சாக்குப் பையில் அமர்ந்த அந்த மனிதர், அக்கட்டுரையில் தாம் பட்டதை ஒரு வரியும் சொல்லவில்லை. அகமணமே சாதியின் அடிப்படை என்று எடுத்துக்கொண்டு, படிப்படியாக நிறுவிச் செல்கின்றார். ஏன் அப்படிச் செய்தார் என்பதை அந்த வட்டத்தில் உட்கார்ந்த பிறகே உணர்ந்தோம். பருவ இறுதியில் எங்கள் கட்டுரையில் குவளையும் இருந்தது, கணக்கும் இருந்தது.

இடையே ஒன்று சொல்லியாக வேண்டும். மேற்சொன்ன தேசிய உதவித்தொகைக்கு 2022-இல் வந்த விதிமுறைகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அத்தொகை இல்லை என்கின்றன. அப்படியாயின் 1916-இன் அந்தக் கட்டுரையை எழுதியவர்க்கும் இன்று அத்தொகை கிடைத்திராது.

மதிப்பெண் பற்றி ஒரு வேடிக்கை. அங்கே 1.0 என்பது முதல் தரம், 4.0 வரை தேர்ச்சி; 5.0 என்றால் தோல்வி. எங்களில் ஒருவர் 1.7 வாங்கியதைத் தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொல்ல, வீட்டில் அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “பரவாயில்லை கண்ணு, அடுத்த தடவை நல்லாப் படி” என்றார்கள்.

மாணவர் விடுதியில் எட்டுப் பேர்க்கு ஒரு சமையலறை, இரண்டு கழிப்பறைகள். முதல் நாளே சுவரில் ஒரு தாள் கண்டோம்: வாரந்தோறும் யார் சமையலறை துடைப்பது, யார் கழிப்பறை கழுவுவது என்ற முறைப்பட்டியல். எட்டுப் பெயரும் அதில் இருந்தன. முதல் வாரம் கழிப்பறை கழுவியவர் ஒரு மருத்துவரின் மகள். பாட்டுக் கேட்டுக்கொண்டே கழுவினார். இதைத் துப்புரவுப் பணியாளரான அப்பாவிடம் சொன்னோம். வியந்து ஏதேனும் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். “கையுறை குடுக்கிறாங்களா?” என்று மட்டும் கேட்டார். ஆம், அலமாரியில் பெட்டி பெட்டியாக இருந்தது.

அந்த எட்டுப் பேரில் நம் நாட்டு மாணவர் ஒருவரும் இருந்தார். எந்த மாநிலம் என்பது வேண்டா. வந்த அன்றே ஊர் கேட்டார், பிறகு தெருவைக் கேட்டார், பிறகு தந்தை தொழிலைக் கேட்டார். ஏழாயிரம் கிலோமீட்டர் கடந்தும் அந்தக் கேள்விகளின் வரிசை மாறவில்லை. அவர் முறை வந்த வாரம் எங்கள் அறைக்கு வந்து, “நீங்கள் செய்துவிடுங்கள், வாரத்துக்குப் பதினைந்து யூரோ தருகிறேன். உங்களுக்குப் பழக்கந்தானே?” என்றார்.

நாங்கள் உடனே சீறி எழுந்தோம் என்று சொல்ல ஆசை. உண்மை அதுவன்று. பதினைந்து யூரோ எங்களுக்கு மூன்று நாள் உணவு. கூலி வேலையில் இழிவென்ன, வாங்கிக்கொள்வோம் என்றார் எங்களில் ஒருவர். கூலி கேட்டா வந்தார், ‘பழக்கந்தானே’ என்றல்லவா வந்தார் என்றார் மற்றவர். இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்து போய், முடியாது என்று சொன்னோம். அவர் இரண்டு முறை தவறவிட்டார். பிறகு சமையலறையில் கூட்டம் கூடி மற்றவர்கள் காரணம் கேட்டார்கள். அடுத்த வாரம் அவரே கழுவினார். நன்றாகவே கழுவினார்.

அந்நாட்டைச் சொர்க்கம் என்று எவரும் எண்ண வேண்டா. முதலில் வெளியே அறை தேடியபோது, எங்கள் பெயரைக் கேட்டதும் ‘அறை போய்விட்டது’ என்ற மறுமொழி பலமுறை வந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாறும் அத்தகையதே. கணித மேதை எம்மி நோதர் 1915-இல் அங்கு வந்தபோது, பெண் என்பதால் தம் பெயரில் பாடம் நடத்த இயலாமல், ஹில்பர்ட்டின் பெயரில் நடத்த நேர்ந்தது. 1919-இல் அந்த உரிமை கிடைத்தது. 1933-இல் யூதர் என்று வெளியேற்றினார்கள். ஆனால் அந்நாட்டார் இவற்றை மறைப்பதில்லை. தெருவோர நடைபாதையில், உள்ளங்கையளவு பித்தளைத் தகடு போர்த்திய கற்களைப் பதித்திருக்கின்றார்கள். ‘இங்கே வாழ்ந்தார்’ என்று தொடங்கிப் பெயர், பிறந்த ஆண்டு, கொண்டு செல்லப்பட்ட முகாம் ஆகியவை பொறித்திருக்கும். கடைக்குப் போகும் வழியில் குனிந்தால்தான் படிக்க முடியும்.

டிசம்பர் 25 அன்று ஊரே கதவடைத்துக் கிடந்தது. எங்களுக்கு அந்நாள் வேறொன்று. 1968-இல் அந்த இரவில்தான் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டனர். சமையலறையில் ஒரு மெழுகுத்திரி ஏற்றி வைத்தோம். மருத்துவரின் மகள் ஊருக்குப் போகாமல் இருந்தார். கிறிஸ்துமசுக்கா என்று கேட்டார். சொன்னோம். அரைப்படி நெல் கூலி உயர்வு என்பதை ஆங்கிலத்தில் சொல்ல எங்களுக்குச் சொல் அகப்படவில்லை. ஒரு கிண்ணத்தில் அரிசியை அள்ளிக் காட்டினோம். அந்த ஊர்த் தெருவில் பெயர்கள் பொறித்திருக்கின்றனவா என்று கேட்டார். நினைவிடம் இருக்கின்றது என்றோம்.

பிப்ரவரியில் திரும்பினோம். அங்கே தேறிய பாடங்களில் ஒன்றை எங்கள் பல்கலைக்கழகம் கணக்கில் சேர்க்க மறுத்தது. புறப்படும் முன் எழுதும் கற்றல் ஒப்பந்தத்தில் அப்பாடத்துக்கு நேரான உள்நாட்டுப் பாடத்தை நாங்கள் குறிக்கத் தவறியதே காரணம். ஓராண்டு கழித்து அந்தத் தேர்வை மீண்டும் எழுதினோம். அடுத்துப் போவோர் அந்தத் தாளில் மூன்று கையொப்பமும் வாங்காமல் விமானம் ஏற வேண்டா.

கடன் பற்றி இறுதியாக. முதற்கடன் 80,000 ரூபாய் முழுவதும் அடைந்தது. இரண்டாவதில் 1,15,000 ரூபாய் கட்டியுள்ளோம், 85,000 நிற்கின்றது. கடன் பதிவேட்டை அன்று மறுத்துப் பேசிய பெரியவரே இப்போது வைத்திருக்கின்றார். மாதம் ஐந்தாம் தேதி தவறினால் ஆறாம் தேதி காலையில் தொலைபேசி ஒலிக்கும். திரும்பிய பணத்தில் முதற்செலவாக இரவுப் பாடசாலைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கப்பட்டது. எஞ்சியதிலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுக்கக் கட்டணம் தருவதென்று சென்ற மாதம் தீர்மானமாயிற்று. பெயர் கொடுக்க விரும்புவோர், விழா முடிந்ததும் மேடைக்கு இடப்புறமுள்ள மேசைக்கு வரலாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை இரண்டிலும் பெயரும் தந்தை பெயரும் ஒரே எழுத்தில் உள்ளனவா என்று பார்த்து எடுத்து வாருங்கள்.