நம் பகுதியின் வரைபடம் நம் கையில் இருக்கட்டும்

(அறக்கட்டளையின் ராயபுரம் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அருங்காட்சியகம் என்றதும் நமக்கு எழும்பூர்தான் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை அழைத்துப் போவார்கள். திமிங்கில எலும்பைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். "செத்த காலேஜ்" என்று நம் பாட்டிமார் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள்.

ஆனால் 1851-ல் அதைத் தொடங்கிய எட்வர்ட் பால்ஃபோர் என்ற மருத்துவர் அதைச் செத்த இடமாக நினைக்கவில்லை. சாதாரண ஜனங்கள் வரவேண்டும் என்று அங்கேயே உயிருள்ள விலங்குகளை வைத்தார். சென்னை உயிரியல் பூங்கா அப்படித்தான் பிறந்தது. திருவல்லிக்கேணியில் முஸ்லிம் பொது நூலகம் உருவாகவும் துணை நின்றவர் அவர். பெண்கள் மருத்துவம் படிக்கவேண்டும் என்று வாதாடியவரும் அவரே. பொருளைச் சேர்ப்பதும் ஊர் நன்மைக்குப் பாடுபடுவதும் அவருக்கு வெவ்வேறு வேலைகளாக இருக்கவில்லை.

இதை இன்று பேசக் காரணம் எண்ணூர். 1996-ல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் 6,000 ஏக்கருக்கும் மேல், அலை ஏறி இறங்கும் நீர்ப்பரப்பாகக் குறிக்கப்பட்டிருந்தது. கட்டடம் எழுப்பக் கூடாத இடம். 2017-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரசுத் தரப்பு கொடுத்த வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே காணோம்! பழைய வரைபடம் சிலரிடம் பத்திரமாக இருந்தது. அதனால்தான், "எங்கள் ஆறு எங்கே?" என்று கேட்க முடிந்தது. அந்தத் தாள் இல்லையென்றால் நம் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு?

2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பம் மக்கள் அமோனியா நெடியில் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினார்கள். இவற்றை யார் எழுதி வைத்திருக்கிறோம்? பத்து வருடம் கழித்துப் பிள்ளைகள் கேட்டால் எதைக் காட்டுவோம்?

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் ஆறாவது வட்டம் என்று ஒரு பகுதி. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் கலந்து வாழ்ந்த உழைப்பாளர் பேட்டை. 1966-ல் அதை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, 60,000-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றி, வீடுகளை இடித்தார்கள். சில பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மட்டும் மிஞ்சின. 1994-ல் மக்களே அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். தரை முழுக்கப் பழைய தெருக்களின் வரைபடம். வந்தவர்கள் குனிந்து, தம் வீடு இருந்த இடத்தில் பெயரை எழுதினார்கள். இழந்த நிலத்தைத் திரும்பக் கேட்கும் பேச்சும் அங்கே வளர்ந்தது.

இதற்குக் கோடி ரூபாய் தேவையில்லை. நம் வாசகசாலையின் ஒரு சுவர் போதும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பெரிய வரைபடம் ஒன்று மாட்டுவோம். பழைய பட்டா, துறைமுகக் கூலி அட்டை, படகுப் பதிவு, புகைப்படம் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு அசலை அன்றே திருப்பித் தருவோம். மாதம் ஒரு ஞாயிறு, மாணவர்கள் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். வெள்ளம் எதுவரை ஏறியது, எந்த இடத்தில் இறால் கிடைத்தது என்று வரைபடத்திலேயே குறிக்கட்டும்.

இது நம் ஜமாஅத்துக்கு மட்டுமான சுவர் அல்ல. காசிமேட்டு மீனவர், ராயபுரம் தேவாலயத்தார், திருவொற்றியூர்க் கோயில் தெருக்காரர் எல்லோரும் வரவேண்டும். புகை யார் வீடு என்று பார்த்து வருவதில்லையே!

பெரிய ஆலைத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவதற்கு 30 நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்பது 2006-ம் ஆண்டு விதி. அந்த 30 நாளும் நாம் கூடிப் பேச, படிக்க, எழுத்தில் கருத்துத் தர ஓர் இடம் வேண்டும். கோபத்தோடு மட்டும் போனால் கூச்சல் என்பார்கள். வரைபடத்தோடு போனால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

வரும் ஞாயிறு முதல் வாசகசாலை திறந்திருக்கும். வீட்டுப் பரணில் இருக்கும் பழைய தகரப் பெட்டியை இறக்கிப் பாருங்கள்.