எஞ்சினின் அமைப்பும் அதிர்வும்



மோட்டார்த் தொழிலில் இறங்கியுள்ள நம் இளைஞர்கள் எஞ்சினைப் பிரிக்கவும் பூட்டவும் நன்கறிவர். அது ஏன் அவ்வாறு அமைக்கப்பட்டது என்பதையும் அறிந்தவனே தொழிலில் முழுமை பெறுவான். ஆகவே அதனைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

நான்கு ஸ்டிரோக் எஞ்சினில் கிராங்க் ஷாப்ட் இருமுறை சுழல, அதாவது 720 பாகைக்கு, ஒரு சிலிண்டர் ஒருமுறையே ஆற்றல் தருகிறது. நான்கு சிலிண்டர்கள் இருப்பின் 180 பாகைக்கு ஒருமுறையும், ஆறு இருப்பின் 120 பாகைக்கு ஒருமுறையும் ஆற்றல் கிடைக்கும். எண்ணிக்கை பெருகினால் ஓட்டம் சீராகும். ஆயினும் அவற்றை எவ்வாறு அடுக்குவது?

ஒரே வரிசையில் நான்கு என்பது எளிது, செலவும் குறைவு. இரு பிஸ்டன்கள் ஏற, இரண்டு இறங்குகின்றன. ஆனால் பிஸ்டன் மேற்பாதியில் விரைவாகவும் கீழ்ப்பாதியில் மெதுவாகவும் செல்வதால், ஒரு சுழற்சிக்கு இருமுறை அதிர்வு எழுகிறது. இதனை அடக்கவே லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், இருமடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரு தண்டுகளை வகுத்தார்.

வரிசை ஆறில் இவ்வதிர்வுகள் தம்முள் ஈடாகிவிடுகின்றன. ஆனால் நீளம் மிகுதி. சிறிய காரில் குறுக்கே பொருத்துதல் கடினம்.

‘வி’ வடிவம் நீளத்தைக் குறைக்கிறது. 1932இல் ஃபோர்டு நிறுவனம் ‘வி’ எட்டின் பிளாக்கை ஒரே வார்ப்பாகச் செய்து, எளிய விலைக் காரிலும் பொருத்தியது. ஆயினும் இவ்வமைப்பில் சிலிண்டர் ஹெட்டுகள் இரண்டு. பாகங்களும் செலவும் மிகுதி.

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரிலோ சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும். எதிரெதிர்ப் பிஸ்டன்கள் ஒன்றன் விசையை மற்றொன்று தணிக்கும். உயரம் குறைவு, அகலம் அதிகம்.

1983இல் வந்த மாருதி 800இன் எஞ்சின் மூன்று சிலிண்டர்களை ஒரே வரிசையில் கொண்டது. முன்னும் பின்னும் அசையும் ஆட்டம் அவ்வமைப்பின் பிறவிக் குணம்.

இளைஞர்களே! பிறவிக் குணத்தால் எழும் அதிர்வு ஒழுங்கானது. ஒரு சிலிண்டர் எரியாமையால் எழுவதோ தடுமாறுவது. இவ்வேறுபாட்டை அறியாதவன் நல்ல பாகத்தை மாற்றி வண்டிக்காரரின் பணத்தை வீணாக்குவான். அறிந்தவனோ குறையுள்ள இடத்திலேயே கை வைப்பான்; அவனைத் தேடி வண்டிகள் வரும். கைத்திறனோடு காரண அறிவையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.