துண்டுச் சீட்டு அன்று, ஆர்டர் காகிதம் இன்று

(கோவில்பட்டி வட்டார மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் மத்தியில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதின் சுருக்கம்)

கூலி உயர்வைப் பற்றியும் பஞ்சப்படியைப் பற்றியும் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று வேறொரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். பட்டம் வாங்கிய நம் வீட்டுப் பிள்ளைகள் பெரிய கம்பெனிகளின் வாசலில் என்ன பாடு படுகிறார்கள் என்பதுதான் அது. படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன என்று யாரும் நினைக்க வேண்டாம். இதுவும் கூலிக்காரன் பிரச்னைதான்.

நம்முடையது வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால் பருத்தி, உளுந்து, மக்காச்சோளம். பொய்த்தால் சீமைக் கருவேலங் கரிமூட்டம். தகப்பன் மில்லில் பதிலி, தாய்க்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. கம்மலை அடகு வைத்து மகனை இஞ்சினீயரிங் படிக்க அனுப்புகிறார்கள். அவனும் படித்துப் பட்டத்தோடு வீடு வருகிறான். அப்புறம்?

எட்டயபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். ஒரு கம்பெனிக்காக ஐந்து சோதனை. எழுத்துப் பரீட்சை ஒன்று, கம்ப்யூட்டர் பரீட்சை ஒன்று, பத்துப் பேரை உட்கார வைத்துப் பேசச் சொல்வது ஒன்று, இண்டர்வியூ இரண்டு. "உன் ஆர்டர் இந்த வாரம் வந்துவிடும்" என்றான் ஆள் எடுக்கும் ஏஜெண்டு. மூன்று மாதம் அதே பேச்சு. பிறகு போனையே எடுக்கவில்லை. இல்லை என்ற ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இன்னொரு ஏஜெண்டு, டிரெயினிங் டெபாசிட் என்று இருபதாயிரம் ரூபாய் கேட்டான்.

தோழர்களே, இந்த ஏஜெண்டு புதிய ஆளா? இல்லை. நம் தாத்தாமார்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆள்தான்.

பஞ்சாலைகளில் ஜாப்பர் என்ற மேஸ்திரி இருந்தார். மாமூல் கொடுத்தவனுக்கு வேலை, கொடுக்காதவன் கேட்டுக்கு வெளியே. 1931-ல் அறிக்கை கொடுத்த வெள்ளைக்காரன் கமிஷனே இந்த லஞ்சத்தை எழுதி வைத்திருக்கிறது. அதற்கும் முன்னால் கங்காணி இருந்தான். திருநெல்வேலி, ராமநாதபுரம் சீமைகளில் பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களுக்கு முன்பணம் கொடுத்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப் போனவன் அவன். அங்கே "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளியின் பேரில் எவ்வளவு கடன் என்று அதில் எழுதியிருக்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தத் தோட்டத்து துரை முதலில் அந்தக் கடனைக் கட்ட வேண்டும். கட்ட ஆள் இல்லாவிட்டால் தொழிலாளி நகர முடியாது. 1921-ல்தான் இந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

துண்டு ஒழிந்தது. ஆனால் காகிதத்தால் ஆளைக் கட்டிப் போடும் புத்தி ஒழிந்ததா? இன்று பட்டதாரியின் கையில் கொடுக்கப்படும் மூன்று காகிதங்களைப் பாருங்கள்.

முதலாவது, வேலை ஆர்டர். 2022-ல் இன்போசிஸ் கம்பெனியிடம் ஆர்டர் வாங்கிய பட்டதாரிகள் பலர் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். 2024 கடைசியில் அவர்களை மைசூர் பயிற்சிக் கூடத்தில் சேர்த்தார்கள். 2025 பிப்ரவரியில், உள் பரீட்சையில் மூன்று முறையும் தேறவில்லை என்று 300 பேருக்கு மேல் வெளியே அனுப்பினார்கள். ஒப்பந்தத்தில் உள்ள விதிதான் இது என்றது கம்பெனி. ஊழியர் அமைப்பு ஒன்று மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்குப் புகார் கொடுத்தது. பயிற்சிக்காரன் என்ற பெயரின் சூட்சுமம் உங்களுக்குத் தெரியும். 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டம், அதன்கீழ் பதிவானவர் தொழிலாளி அல்ல என்றே சொல்கிறது. மில்களில் நம் பெண் பிள்ளைகளை அப்ரண்டிஸ் என்று சேர்த்து, மூன்று வருஷம் கழித்து மொத்தப் பணம் என்று ஆசை காட்டிய சுமங்கலித் திட்டத்தை நாம் மறந்துவிட்டோமா?

இரண்டாவது, சம்பளக் காகிதம். 2023 பிப்ரவரியில் விப்ரோ கம்பெனி, வருஷத்துக்கு ஆறரை லட்சம் என்று சொல்லியிருந்த புதுப் பட்டதாரிகளிடம், மூன்றரை லட்சத்துக்குச் சம்மதமா என்று கேட்டது. காத்திருந்து களைத்தவன் என்ன செய்வான்? அந்தக் கணக்கிலும் ஒரு தந்திரம் உண்டு. சி.டி.சி. என்று சொல்கிறார்களே, அது கைக்கு வரும் சம்பளம் அல்ல. கம்பெனி கட்டும் பி.எப்., இன்ஷூரன்ஸ், வருஷக்கணக்கில் உழைத்தால்தான் கிடைக்கும் கிராஜுவிட்டி எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லும் தொகை.

மூன்றாவது, பாண்டு. இத்தனை வருஷத்துக்குள் விலகினால் இத்தனை ரூபாய் கட்டு என்பது அது. இதை லேசாக நினைத்துக் கையெழுத்துப் போட வேண்டாம். விஜயா பாங்கு வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆனால் பாண்டில் எழுதிய தொகை முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு வசூலித்துவிட முடியாது. நியாயமான நஷ்டஈடுதான் கேட்கலாம் என்று 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு சொல்கிறது.

இதைவிடக் கொடுமையும் நடந்திருக்கிறது. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜெண்டுகளை நம்பிப் போன தமிழ்ப் பிள்ளைகளை மியான்மரில் அடைத்து வைத்து, இணைய மோசடி செய்யச் சொல்லிச் சித்திரவதை செய்தார்கள். மீட்டு வர அரசாங்கம் தலையிட வேண்டியிருந்தது.

இப்போது பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வேலை கிடைக்காத பிள்ளையைப் பார்த்து, "உனக்குச் செலவழித்ததைக் கிணற்றில் போட்டிருக்கலாம்" என்று சொல்லாதீர்கள். இண்டர்வியூவில் இங்கிலீஷ் தடுமாறியது அவன் குற்றமல்ல. வாசலில் ஆயிரம் பேர் நின்றால்தான் உள்ளே பத்துப் பேரைக் குறைந்த சம்பளத்துக்கு எடுக்க முடியும். விடிகாலையில் மில் கேட்டில் நின்று, இன்று வேலை உண்டா என்று ஏங்கிய பதிலிக்கு இது தெரியாதா? உன்னைத் திருப்பி அனுப்பியபோது நீ வேலை தெரியாதவனாகவா இருந்தாய்? உன் மகனும் அப்படித்தான்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

வேலைக்காக எவனுக்கும் பணம் கொடுக்காதீர்கள். டெபாசிட் கேட்கும் வேலை, வேலையே அல்ல. அசல் சர்ட்டிபிகேட்டை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். கைக்கு மாதம் எவ்வளவு வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். வெளிநாடு என்றால், 1983-ம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டுதானா என்று பாருங்கள். அவருக்கும் கட்டணம் 30,000 ரூபாய், வரி தனி. அதற்குமேல் கேட்டால் சட்டவிரோதம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வேலையில் சேர்ந்த பிள்ளைகள் சங்கத்தில் சேரட்டும். கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசாங்கம் 2016-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. டி.சி.எஸ். கம்பெனி சென்னையில் கர்ப்பிணி ஊழியர் ஒருவருக்கு நீக்க நோட்டீஸ் கொடுத்தது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 2015 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. கம்பெனி நோட்டீஸைத் திரும்பப் பெற்றது. எதிர்த்து நின்றால் நடக்கும், தோழர்களே!

உங்கள் பிள்ளையிடம் ஆர்டரோ பாண்டோ இருந்தால், கையெழுத்துப் போடுமுன் சங்க ஆபீசுக்கு எடுத்து வாருங்கள். வரிக்கு வரி சேர்ந்து படிப்போம். துண்டில் எழுதியிருந்தது நம் பாட்டன்மாருக்குப் படிக்கத் தெரியாது. நம் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியும். அவர்கள் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.