ஒரு பல் குறைச்சா பிக்கப் கூடுமா?

"வண்டி பிக்கப் பத்தல, இஞ்சின்ல கை வைக்காம ஏதாவது பண்ண முடியுமா?" பைக் வச்சிருக்கிற நண்பர்கள் குரூப் எதுல பார்த்தாலும் இந்தக் கேள்வி வரும். பதிலும் உடனே வரும்: "முன்னாடி ஸ்ப்ராக்கெட்ல ஒரு பல் குறைச்சுப் போடு மச்சான்." பதில் தப்பில்ல, ஆனா அது பாதிதான். மீதியை இன்னைக்குப் பேசுவோம்.

முதல் விஷயம், ஸ்ப்ராக்கெட் மாத்துறதால இஞ்சின் பவர் கூடாது. கடப்பாரையால கல்லைப் புரட்டுறதை நினைச்சுக்கோங்க. நீளமான கடப்பாரைன்னா கல்லு சுலபமா நகரும். ஆனா உங்க கை அதிக தூரம் போகணும். இங்கயும் அதே கதைதான். இஞ்சின் கூடுதலா சுத்தும், பின் சக்கரம் குறைவா சுத்தும். அதனால இழுவை கூடும், டாப் ஸ்பீடு பக்கம் குறையும்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். கேடிஎம் 390 டியூக்கோட முதல் தலைமுறை மாடல்ல முன்னாடி 15 பல், பின்னாடி 45 பல். 45ஐ 15ஆல வகுத்தா 3. அதாவது முன் ஸ்ப்ராக்கெட் 3 சுத்து சுத்தினா பின் சக்கரம் 1 சுத்து. இப்போ முன்னாடி 14 போட்டா அந்த 3, 3.21 ஆகும். பின் சக்கரத்துக்குப் போற இழுவை ஒவ்வொரு கியர்லயும் சுமார் 7 சதவீதம் கூடும்.

முன்னாடி 15ஐயே வச்சுக்கிட்டு பின்னாடி 48 போட்டா? 3.2. கிட்டத்தட்ட அதேதான். அதனாலதான் முன்னாடி ஒரு பல் குறைக்கிறது பின்னாடி மூணு பல் கூட்டுற மாதிரின்னு மெக்கானிக்குகள் சொல்றாங்க. முன் ஸ்ப்ராக்கெட் விலையும் கம்மி, வேலையும் கம்மி. எல்லாரும் அங்க கை வைக்கிறதுக்கு அதான் காரணம். ஆனா ஸ்ப்ராக்கெட் சின்னதாக ஆக, செயின் இறுக்கமா வளைஞ்சு திரும்பணும். செயின் மேல விழுற இழுப்பும் கூடுது. அதனால தேய்மானமும் சீக்கிரம் வரும். சில வண்டிகள்ல செயின் ஸ்விங்ஆர்ம் மேல இருக்கிற ரப்பர்ல உரச ஆரம்பிக்கும். கொஞ்ச நாள்தான் ஓட்டிப் பார்க்கப்போறீங்கன்னா முன் ஸ்ப்ராக்கெட் போதும். நிரந்தரமா வச்சுக்கப்போறீங்கன்னா பின்னாடி மாத்துறது நல்லது.

சரி, பதிலுக்கு என்ன போகுது? முன்னாடி 6000 ஆர்பிஎம்ல போன அதே வேகத்துக்கு இப்போ சுமார் 6400 ஆர்பிஎம் தேவைப்படும். ஜிஎஸ்டி ரோட்டுல திண்டிவனம் வரைக்கும் போனா அந்த 400 ஆர்பிஎம் என்னன்னு கையிலயும் இடுப்புலயும் தெரியும். பெட்ரோலும் கூட குடிக்கும். இன்னொண்ணு: இரண்டாவது கியர்ல 80 வரைக்கும் இழுக்கிற வண்டி, இனிமே 75லயே கட்-ஆஃப் ஆகும். 80ஐத் தொட ஒரு கியர் கூடுதலா மாத்தணும். அந்த ஒரு கியர் மாத்துற நேரத்துலயே நீங்க சம்பாதிச்ச பிக்கப்ல கொஞ்சம் கரைஞ்சிடும்.

ஸ்பீடோமீட்டரையும் பாருங்க. உங்க வண்டில சென்சார் சக்கரத்துல இருந்தா பிரச்சினை இல்ல. கியர்பாக்ஸ்லருந்து வேகத்தை எடுக்கிற வண்டின்னா, நீங்க 60ல போகும்போது மீட்டர் 64 காட்டும். ஓடின கிலோமீட்டரும் அதே மாதிரி கூடுதலா ஏறும்.

இப்போ செயின். கணக்கு தப்பானா பணம் போகும். செயின் தப்பானா எலும்பு போகும்.

பல் எண்ணிக்கை மாறினா பின் சக்கரம் நிக்கிற இடமும் மாறும். 390 டியூக்ல இருக்கிறது 520 செயின், ஒரு கண்ணிக்கும் அடுத்ததுக்கும் 15.875 மில்லிமீட்டர். முன்னாடி ஒரு பல் குறைச்சா சக்கரத்தைச் சுமார் 4 மில்லிமீட்டர் பின்னாடி இழுக்கணும். பழைய செயினே போதும். பின்னாடி மூணு பல் கூட்டினா, சக்கரம் சுமார் 12 மில்லிமீட்டர் முன்னாடி வரணும். அதுக்கு இடம் இல்லைன்னா இரண்டு கண்ணி நீளமான செயின்தான் வாங்கணும்.

கடைக்குப் போகும்போது செயின் நம்பரைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. 150 சிசி வண்டிகள் பலதுல 428 செயின் இருக்கும். 428க்கான ஸ்ப்ராக்கெட் 520 செயினுக்குச் சேராது. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடா இருந்தாலும் புதுப்பேட்டையா இருந்தாலும், "எல்லாத்துக்கும் செட் ஆகும்"னு தர்றதை வாங்காதீங்க. தேய்ஞ்ச செயின்ல புது ஸ்ப்ராக்கெட்டும் போடாதீங்க, புது பல்லையும் அது தின்னுடும். பின் ஸ்ப்ராக்கெட்டோட கடைசி முனையில செயினைப் பிடிச்சுப் பின்னாடி இழுங்க. பாதி பல் தெரியுற அளவுக்கு விலகி வந்தா, செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் செட்டா மாத்துற நேரம் வந்தாச்சு.

செயின் எவ்வளவு லூசா இருக்கணும்? மேனுவல்ல அளவு இருக்கும், எந்த இடத்துல அளக்கணும்னும் இருக்கும். "நல்லா டைட்டா வைங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க. பின்னாடி ஆள் ஏறி உக்காந்து ஸ்பீடு பிரேக்கர்ல ஏறும்போது ஸ்விங்ஆர்ம் மேல எழும்பும், அப்போ செயின் இன்னும் இறுகும். அதுக்கு இடம் விடலைன்னா கியர்பாக்ஸ் பேரிங் அடி வாங்கும். ரொம்ப லூசா இருந்தா செயின் பல் தாவும், கழண்டு பின் சக்கரத்தையே பூட்டிடும். சக்கரத்தைச் சுத்திச் சுத்தி, எங்க அதிகமா இறுகுதோ அந்த இடத்துல அளவு வைங்க. இரண்டு பக்க அட்ஜஸ்டரும் ஒரே கோட்டுல இருக்கணும். கிளிப் போட்ட செயின்னா, கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையில இருக்கணும். புது செட் போட்டு முதல் 500 கிலோமீட்டருக்குள்ள ஒரு தடவை மறுபடி பாருங்க.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன்: இஞ்சினை ஓடவிட்டு, கியர்ல போட்டு, செயினைத் துடைக்காதீங்க. துணி செயின்ல மாட்டினா, அதோட விரலும் சேர்ந்துதான் போகும். நியூட்ரல்ல நிறுத்தி, சாவியை எடுத்துட்டு, சக்கரத்தைக் கையால சுத்துங்க.

கடைசியா, காசு செலவில்லாத ஒரு டெஸ்ட். உங்களுக்கு எங்க பிக்கப் பத்தலையோ, அந்த இடத்துல ஒரு கியர் கீழ போட்டு ஓட்டிப் பாருங்க. பெரும்பாலான வண்டிகள்ல அதுலயே 7 சதவீதத்துக்கு மேல கிடைச்சிடும். அது போதும்னா உங்களுக்கு ஸ்ப்ராக்கெட் தேவையில்ல. முன்னாடி நல்லா இழுத்த வண்டி இப்போ மட்டும் இழுக்கலைன்னா, கிளட்ச், ஏர் ஃபில்டர், டயர் காத்து, காய்ஞ்ச செயின் இதையெல்லாம் முதல்ல பாருங்க.

ஆனா, தினமும் சிட்டி டிராஃபிக், டாப் கியருக்கே போறதில்ல, லீவுன்னா கொல்லிமலையோட 70 ஹேர்பின் வளைவு, முதல் கியர்லயே வண்டி திணறுதுன்னா, அந்த ஒரு பல் உங்களுக்குத்தான். தாராளமா மாத்துங்க. கழட்டின பழைய ஸ்ப்ராக்கெட்டை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க. நீண்ட ஹைவே ட்ரிப் வரும்போது அதைத் தேடுவீங்க.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். ஹெல்மெட்டை மறந்துடாதீங்க.