ஓட்டப் பாதையும் ஒதுங்கும் இடமும்



கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்திலிருந்து தியத்தலாவைக்குச் செல்ல விரும்பும் ஒருவர், பெரகலை, ஹப்புத்தளை ஆகிய ஊர்களைக் கடந்து செல்லவேண்டும். ஒரு பக்கம் மலைச்சரிவு. மறுபக்கம் ஆழ்ந்த பள்ளத்தாக்கு. இடையிலே வளைந்து வளைந்து ஏறும் வீதி. இவ்வீதியிலே பேருந்து செலுத்துவோரும், தோட்டத்து மண்பாதைகளிலே கொழுந்து லொறி செலுத்துவோரும், வளைவை அறிந்து வேகத்தை அடக்கும் கலையில் எவருக்கும் இளைத்தவரல்லர். இக்கலையையே பொழுதுபோக்கு விளையாட்டாக ஆக்கிக்கொண்டால் அதற்கு ஓட்டோகுரொஸ் என்று பெயர். அதன் பாதையை அமைப்பது எங்ஙனம், அதிலே வண்டியைச் செலுத்துவது எங்ஙனம் என்பனபற்றி இன்று சில கூற விழைகின்றேன்.

ஓட்டோகுரொஸ் என்பது பெரும் பணம் படைத்தோர்க்கு மட்டும் உரிய பந்தயமன்று. ஒரு திறந்த வெளி, சில கூம்புகள், ஒரு நிறுத்து கடிகாரம், நல்ல நிலையிலுள்ள ஒரு சாதாரண வண்டி ஆகியவை இருந்தாற் போதும். பிரித்தானியாவிலே இது புல்வெளியிலும் மண்தரையிலும் நடைபெறுவது. அமெரிக்காவிலோ அகன்ற வாகனத் தரிப்பிடங்களிலே கூம்புகளை நட்டு நடத்துவர். வண்டிகள் மோதிக்கொள்ளாதவாறு இடைவெளிவிட்டு ஒவ்வொன்றாக ஓடும். எதிராளி பக்கத்திலே ஓடும் வண்டி அன்று, கடிகாரமே எதிராளி. கூம்பொன்றைத் தட்டி வீழ்த்தினால் அதற்குத் தண்டனையாகச் சில வினாடிகள் கூட்டப்படும். ஆகவே வேகம் மட்டும் வெல்வதில்லை. ஒழுங்கும் சேர்ந்தே வெல்லும்.

நமது மலைநாட்டுக்கு மோட்டார் விளையாட்டு புதியதன்று. நுவரெலியாவிலே மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934ஆம் ஆண்டிலே தொடங்கியது. ஊவாவிலோ, தியத்தலாவையின் பொக்ஸ் ஹில் இவ்விளையாட்டால் நாடெங்கும் பெயர் பெற்றது. 1913ஆம் ஆண்டிலே 'பொக்ஸ்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் அம்மலைச் சரிவிலே வெண்கற்களால் நரியுருவம் ஒன்றை அமைத்தனர். அதனாலேயே அம்மலைக்கு அப்பெயர் வந்தது. அங்குள்ள மண்பாதையிலே இராணுவக் கல்விக்கழகத்தின் ஆதரவில் நடைபெற்ற சுப்பர்குரொஸ் பந்தயத்தைக் காணச் சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் மக்கள் குடும்பம் குடும்பமாகத் திரண்டு வருவர். சுப்பர்குரொஸிலே பல வண்டிகள் ஒருங்கே ஓடும். அவ்வகையில் அது ஓட்டோகுரொஸினும் கடுமையானது. எனினும் பாதை அமைப்பின் அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

இனிப் பாதை அமைக்கும் முறையைக் காண்போம். வேகத்தைக் கட்டுப்படுத்துவது அறிவிப்புப் பலகை அன்று, வளைவே. காய்ந்த இளகிய மண்ணிலே டயரின் பிடிப்பு வண்டியின் எடையிலே ஏறத்தாழப் பாதி என்று கொள்வோம். அப்பொழுது 20 மீற்றர் ஆரையுள்ள வளைவிலே மணிக்கு ஏறத்தாழ 36 கிலோமீற்றருக்கு மேற் செல்ல இயலாது. சென்றால் வண்டி வழுக்கும். ஆரையை 80 மீற்றராக நான்கு மடங்கு பெருக்கினால், வேகம் இரு மடங்காகி 70 கிலோமீற்றரைத் தாண்டும். ஆதலின் ஓட்டுநர்கள் எவ்வளவு வேகத்திற் செல்வார்கள் என்பதைத் தீர்மானிப்பவன், காலையிலே கூம்புகளை நட்டுச் செல்லும் பாதை அமைப்பாளனே. நீண்ட நேர்பாதை ஒன்றை அவன் விட்டுவைத்தால், புதிதாக வந்த இளைஞன்கூட அங்கே அடங்காத வேகத்தை எய்திவிடுவான். நல்ல அமைப்பாளன் நேர்பாதையைச் சிறு துண்டுகளாக்கி, இடையிடையே இடமும் வலமுமாகத் திருப்பங்களை வைப்பான்.

வேகத்தின் மறுபக்கம் நிறுத்தும் தூரம். முற்கூறிய அதே தரையிலே, 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 13 மீற்றரில் நிற்கும். 80 கிலோமீற்றரிலோ 50 மீற்றர் வேண்டும். வேகம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்காகும் என்பது இயற்கையின் விதி. அத்தரை பத்துக்கு ஒன்று வீதம் கீழ்நோக்கிச் சரிந்திருந்தாலோ, 50 மீற்றர் என்பது 60க்கும் மேலாகிவிடும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை அழுத்துவதற்கு ஒரு வினாடி கழிந்தால், அந்த ஒரு வினாடியிலேயே மேலும் 22 மீற்றர் ஓடியிருக்கும்.

இக்கணக்கை மனத்திற்கொண்டு, பாதை அமைப்பாளன் ஒவ்வொரு வளைவிலும் நின்று தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்கவேண்டும். 'இங்கே வண்டி திரும்பாவிட்டால் எங்கே போகும்?' திரும்பாத வண்டி வளைவின் வெளிப்புறமாகவே போகும். வந்த திசையிலேயே போகும். ஆகவே வெளிப்புறம் வெறுமையாக இருத்தல்வேண்டும். அங்கே மரமோ, மதகோ, மனிதரோ இருத்தலாகாது. பார்வையாளர் நிற்கவேண்டிய இடம், பாதையினின்றும் தள்ளியதும், கூடுமானவரை அதைவிட உயர்ந்ததுமான மேடு. இதனால்தான் சொல்கின்றேன்: அமைப்பாளன் முதலாவதாக வரையவேண்டிய கோடு வண்டி ஓடும் கோடு அன்று, மனிதர் நிற்கும் கோடு. அதை வரைந்தபின் மிஞ்சும் நிலத்திலேயே ஓட்டப் பாதையை வகுக்கவேண்டும். பாதையை முதலில் வகுத்துவிட்டு, வந்த சனத்தை மிஞ்சிய இடத்தில் நிறுத்துவது முறையன்று.

ஓட்டுநருக்குச் சொல்லவேண்டியவையும் சில உள. வண்டியில் ஏறுமுன் பாதையை இரண்டு மூன்று முறை நடந்து பார்த்தல்வேண்டும். நடந்து அறியாத பாதையை ஓட்டி அறியமுடியாது. டயரின் பிடிப்பு ஒரு நாட் சம்பளம் போன்றது. அதை முழுவதும் அரிசிக்குச் செலவிட்டவர் அதே பணத்தைக்கொண்டு துணி வாங்க இயலாது. அவ்வாறே பிடிப்பு முழுவதையும் பிரேக்கிலே செலவிட்டவருக்குத் திரும்புவதற்குப் பிடிப்பு எஞ்சாது. ஆதலின் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, வளைவிலே அமைதியாக நுழைந்து, சுக்கான் நேராகத் தொடங்கியபின் வேகத்தைக் கூட்டுதல் நலம். மெல்ல நுழைந்தவனே விரைந்து வெளியேறுவான். கூம்புகள் வரிசையாக நட்டிருக்குமிடத்தில், அருகிலுள்ள கூம்பை நோக்காது, அதற்கு அப்பாலுள்ளதை நோக்கவேண்டும். கண் செல்லுமிடத்திற்கே கை செல்லும். எல்லாவற்றினும் மேலாக, கொடி அசைந்தால் வேகத்தைக் குறைத்தல்வேண்டும். முன்னே என்ன நேர்ந்தது என்று கண்டபின் குறைப்போம் என்று எண்ணுதல் பிழை.

நேயர்களே, இவையெல்லாம் ஏட்டுக் கணக்கு அல்ல. 1955ஆம் ஆண்டு ஜூன் 11ஆந் திகதி, பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்திலே ஒரு வண்டி சனத்திரளுக்குட் பாய்ந்து 80க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் அவ்விடத்துப் பாதை மாற்றியமைக்கப்பட்டது. அது தூரத்து நாட்டுக் கதை என்று நாம் இருந்துவிட இயலாது. 2024ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, பொக்ஸ் ஹில்லிலே, சில ஆண்டு இடைவெளிக்குப்பின் நடைபெற்ற பந்தயத்தில், ஒரு வண்டி பாதையை விட்டு விலகிப் பந்தய அலுவலரும் பார்வையாளரும் நின்ற இடத்துட் புகுந்தது. எழுவர் மாண்டனர், இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். மாண்டவருள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அதற்குச் சற்று முன்னர் வேறொரு வண்டி கவிழ்ந்திருந்தது என்றும், ஏனையோர் வேகத்தைக் குறைக்குமாறு மஞ்சள் சமிக்ஞை காட்டப்பட்டது என்றும் அப்போது அறிவிக்கப்பட்டது.

சமிக்ஞை காட்டப்பட்டது என்னும் அச்சொல்லை நான் பலமுறை எண்ணிப்பார்த்தேன். எண்ணுந்தோறும் மீரியபெத்தையின் நினைவே வருகின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, அங்கே மலை சரிந்து லயன்களை மூடிற்று. வீட்டிலிருந்தோர் மண்ணுக்குள்ளே போயினர். பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பிவந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது. ஆனால் மனிதர் நின்ற இடம் மாறவில்லை. வேறு வீடு கட்டித்தரப்படாத தொழிலாளி, எச்சரிக்கையைக் கேட்டு எங்கே போவான்?

விளையாட்டையும் வாழ்வையும் ஒன்றாக வைத்து எண்ணுவது பொருந்துமா என்று சிலர் கேட்கலாம். ஒன்று விருப்பத்தால் தேடிச்செல்லும் ஆபத்து. மற்றையது வறுமையால் விட்டகல முடியாத ஆபத்து. அவ்வேற்றுமையை நான் மறுக்கவில்லை. ஆயினும் இரண்டிடத்தும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: 'இது வழுக்கினால் எங்கே போகும்? போகும் வழியிலே யார் இருக்கிறார்கள்?' மண்ணாயினும் வண்டியாயினும், வழுக்கியபின் அது எவருடைய கட்டளைக்கும் அடங்குவதில்லை. கொடியும் கடிதமும் சொல்லத்தான் வல்லன. தடுக்க வல்லன அல்ல. தடுப்பது தூரம் ஒன்றே.

மோட்டார் விளையாட்டு வேண்டாம் என்பது என் கருத்தன்று. மலைநாட்டு இளைஞரிடத்தே யந்திரத்தை அறியும் ஆற்றலும், வளைவை மதிக்கும் பழக்கமும் நிறைந்திருக்கின்றன. தோட்டத்துப் பட்டறையிலே கைபழகிய ஓர் இளைஞன் பெரும் பந்தயத்துக்குச் செல்ல வசதியற்றவனாயினும், ஒரு பாடசாலை மைதானத்திலே ஒவ்வொரு வண்டியாக ஓட்டும் சிறு போட்டியிலே தன் திறனை அறிந்துகொள்ளலாம். ஆனால் அப்போட்டியை நடத்த முன்வரும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூம்புகளை எடுக்குமுன் கயிற்றை எடுங்கள். வெளிவளைவுகளில் எவரும் நில்லாதவாறு தொலைவிலே கயிற்றைக் கட்டுங்கள். கயிறு வண்டியைத் தடுக்காது. மனிதரை அத்தூரத்திலே நிறுத்துவதே அதன் வேலை. அதைத் தாண்டி ஒரு குழந்தை ஓடிவந்தாலும் ஓட்டத்தை நிறுத்துங்கள். நிறுத்தியதற்காகச் சனம் முணுமுணுத்தால், முணுமுணுக்கட்டும்.

மாலையிலே யார் வென்றார் என்பதைக் கடிகாரம் சொல்லும். காலையிலே வந்த அத்தனை பேரும் மாலையிலே வீடு திரும்பினார்களா என்பதே பாதை அமைத்தவனுடைய வெற்றி.